எல்லாம் நீல வயர்

"ரெண்டு கண்ணும் அவுட்டு," என்றான் தம்பி, பானெட்டுக்குள் தலையை விட்டபடியே.

"மெதுவாப் பேசு. அவர் காதுல விழும்."

"நான் வண்டியைச் சொன்னேன்க்கா."

"எதைச் சொன்னாலும் மெதுவாச் சொல்லு."

தம்பி பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கடைசி பெஞ்சுக்குக் கேட்க வேண்டும் என்று இருபத்திரண்டு வருடம் கத்திய தொண்டை அது. மெதுவாகப் பேசச் சொன்னால் இருமல்தான் வரும். அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து, சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு, ஒரு மணி நேரமாக அக்காவின் பழைய காரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். மல்லுக்கட்டு என்றால் இவ்வளவுதான். ஹெட்லைட் பல்பைக் கழற்றுவான், வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பான், ஊதுவான், திரும்ப மாட்டுவான். "இப்பப் போடுங்க்கா" என்பான். அவள் டிரைவர் பக்கம் குனிந்து ஸ்விட்சைத் திருகுவாள்.

"எரியுதா?"

"இல்லை."

"இப்ப?"

"அதே ஸ்விட்சைத்தானேடா திரும்பத் திரும்பப் போடுறேன். இப்பன்னா என்ன, அப்பன்னா என்ன?"

காரின் முன் சீட்டில் அவள் கணவர் உட்கார்ந்திருந்தார். காற்று வரட்டும் என்று அவர் பக்கக் கதவைத் திறந்துவிட்டு, கால் இரண்டையும் வெளியே தொங்கவிட்டு, மடியில் ஒரு துண்டைப் போட்டு வைத்திருந்தாள். வலது கை துண்டின்மேல், யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமான்போலக் கிடந்தது. முப்பத்தோரு வருடம் கார், லாரி, பஸ் என்று வயரிங் வேலை பார்த்த மனிதர். ஊரில் அவருக்கு வயர் அண்ணன் என்றே பெயர். இந்த மாதிரி ஒரு ஹெட்லைட்டை, வாயில் பாட்டும் கையில் டீயுமாக, டீ ஆறுவதற்குள் எரிய வைத்திருப்பார். நாலு மாதம் முன்னால் ஒரு காலையில், செருப்பு மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. ரத்தக்குழாய் அடைப்பு என்றார்கள். வலது பக்கம் போயிற்று. பேச்சும் போயிற்று.

பேச்சு என்றால் முழுக்கப் போகவில்லை. முப்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு பேச்சுப் பயிற்சி நிலையம் இருந்தது. வாரத்துக்கு மூன்று நாள் இந்தக் காரில்தான் அவரை அவள் அழைத்துப் போனாள். நாலு மாதத்தில் இரண்டு வார்த்தை திரும்ப வந்திருந்தது. முதலில் "தண்ணி". போன வாரம் "பாரு". அந்த "பாரு" வந்த அன்று, நிலையத்தின் வாசலில் காரை நிறுத்தி வைத்துக்கொண்டு கால் மணி நேரம் அழுதுவிட்டுத்தான் அவள் வண்டியை எடுத்தாள்.

"முதல் ஆறு மாசம்தாம்மா," என்று பயிற்சி டீச்சர் சொல்லியிருந்தார். "வர்ற வார்த்தையெல்லாம் அதுக்குள்ளதான் வேகமா வரும். அப்புறம் வராதுன்னு சொல்லல. ஆனா வரும்னும் சொல்ல மாட்டேன்."

இன்னொன்றும் சொல்லியிருந்தார். தொடர்ந்து மூன்று முறை வராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். காத்திருப்போர் பட்டியல் சுவரில் ஒட்டியிருந்தது. இரண்டு தாள் நீளம்.

இந்த நிலைமையில்தான் வண்டிச் சோதனைக்குப் போன இடத்தில் பிரேக் சரி, டயர் சரி, ஹாரன் சரி, ஹெட்லைட் இல்லை என்று ஒரு மஞ்சள் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஏழு நாளைக்குள் சரி செய்து காட்ட வேண்டும். இல்லையென்றால் பழைய வண்டி என்று பதிவிலிருந்தே எடுத்துவிடுவார்கள். மறுபடி சேர்க்க, அந்தச் சோதனை அதிகாரி வாயாலேயே சொன்னபடி, "குறைஞ்சது ரெண்டு மாசம்."

இன்று ஏழாம் நாள். சோதனை நிலையம் ஐந்து மணிக்கு மூடும். இப்போது இரண்டு மணி. நாளைக் காலை ஒன்பதுக்குப் பயிற்சி.

ஆறு நாள் என்ன செய்தாள் என்று கேட்டால், கேட்பவர்களுக்குத்தான் தெரியாது. பயிற்சி இல்லாத நாளில் மருந்துக்கடையில் அவளுக்குக் காலை ஷிஃப்ட். மீதி நேரம் குளிப்பாட்ட, ஊட்ட, உடம்பைத் திருப்பிப் போட. மூன்று மெக்கானிக்கிடம் கேட்டாள். மூன்று பேரும் வந்து பானெட்டைத் திறந்தார்கள், பார்த்தார்கள், மூடினார்கள். "வயர் அண்ணன் வேலைங்களா? அதுல நாங்க கை வைக்கறதில்லைம்மா," என்றார்கள். மரியாதையா, பயமா என்று அவளுக்கு விளங்கவில்லை.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க," என்றான் தம்பி, கையைத் துடைத்துக்கொண்டு. "பேட்டரிக்காரருக்கு போன் போட்டுட்டேன்."

"யாருக்கு?"

"அடுத்த தெரு பேட்டரிக்காரர்."

"உனக்குப் புத்தி கித்தி இருக்கா? இவருக்கும் அவருக்கும் ஒன்பது வருஷமாப் பேச்சு கிடையாது."

"இப்ப அத்தானுக்கு யார்கூடவும்தானே பேச்சு கிடையாது," என்றவன், சொன்ன பிறகுதான் அது என்ன பேச்சு என்று உணர்ந்து, காதைச் சொறிந்தான்.

அவள் தெருவை எட்டிப் பார்த்தாள். தெருமுனையில் பேட்டரிக்காரர் வருவது தெரிந்தது. குள்ளமான, தொப்பை விழுந்த மனிதர். கையில் ஒரு பை, தோளில் சுருட்டிய வயர். வந்தவர் காரிடம் போகவில்லை. நேரே திறந்த கதவுப் பக்கம் வந்து, அவள் கணவர் முன்னால் நின்றார்.

"அண்ணே, நான்தான். பல்புக்கும் கத்திரிக்காய்க்கும் வித்தியாசம் தெரியாதவன்னு ஊரெல்லாம் சொன்னீங்களே, அவனேதான். திட்டணும்னா இப்பவே திட்டிருங்க, அப்புறம் வேலை நடுவுல திட்டாதீங்க."

அவர் பேட்டரிக்காரரை ஏறிட்டுப் பார்த்தார். தலையாட்டினார்.

"என்ன சொல்றாருங்க அண்ணி?"

"வாங்கன்னு சொல்றார்."

"இந்தத் தலையாட்டல்லயா?"

"எனக்குத் தெரியும்," என்றாள் அவள்.

அவளுக்குத் தெரியும் என்பதுதான் இந்த நாலு மாதமாக அந்த வீட்டின் அஸ்திவாரம். எந்த டாக்டரின் கிறுக்கலையும் மருந்துக்கடையில் அவள்தான் படிப்பாள். மற்றவர்கள் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கிறதே என்று திகைத்து நிற்கும் சீட்டை வாங்கி, ஒரு பார்வை பார்த்து, "சாப்பாட்டுக்கு முன்னால, ராத்திரி மட்டும்" என்பாள். அதே கண்ணால் கணவரையும் படித்துவிட்டாள். யார் எதைக் கேட்டாலும் அவர் தலையாட்டினார். டாக்டர் கேட்டாலும் ஆட்டினார், கடன்காரன் கேட்டாலும் ஆட்டியிருப்பார். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்தார்கள். இரண்டாம் மாதத்தில் அவள் கண்டுபிடித்தாள்: கண்ணைத் திறந்துகொண்டு ஆட்டினால் அது வெறும் மரியாதை. கண்ணை மூடி ஆட்டினால் ஆமாம். சோறு போதுமா என்றும், ஜன்னலைச் சாத்தட்டுமா என்றும், வலிக்கிறதா என்றும் கேட்டுக் கேட்டுச் சரிபார்த்தாள். டாக்டரிடம் சொன்னாள். அவர் சிரிக்காமல் கேட்டு, ஃபைலில் எழுதிக்கொண்டார். அன்று வீட்டுக்கு வரும்போது அவளுக்குக் கால் தரையில் படவில்லை.

பேட்டரிக்காரர் பானெட்டுக்குள் குனிந்தார். ஒவ்வொரு வயராக விரலால் நீவிப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"என்னங்க?" என்றான் தம்பி.

"வாத்தியாரே, இங்க வாங்க. இது என்ன கலர்?"

"நீலம்."

"இது?"

"நீலம்."

"இது, இது, அந்தா உள்ளே போகுதே அது?"

"எல்லாம் நீலம்."

"கரண்டு வர்ற லைவுக்கு ஒரு கலர், திரும்பிப் போற எர்த்துக்கு ஒரு கலர், டிம்முக்கு ஒண்ணு, பிரைட்டுக்கு ஒண்ணுன்னு போடறது ஊர் வழக்கம். அண்ணன் இந்த வண்டி மொத்தத்துக்கும் நீலத்தையே ஓட்டிட்டார்."

"ஒரு தொழிற்சாலை மூடும்போது ஒரு உருளை நிறைய நீல வயர் கிடைச்சுது," என்றாள் அவள். "நான் அப்பவே கேட்டேன், எது எதுன்னு எப்படித் தெரியும்னு. கலர் பாத்து வேலை செய்யிறவன் கண்ணால செய்யிறான், நான் மண்டையால செய்யிறேன்னார்."

"அந்த மண்டையைத் திறந்து பாக்க முடிஞ்சா..." என்று ஆரம்பித்த பேட்டரிக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "தப்பா எடுத்துக்காதீங்க அண்ணி. என் வாய்க்கு ஒரு ஃபியூஸ் போடணும்."

உதவியாளர் என்று யாரையும் வயர் அண்ணன் வைத்துக்கொண்டதில்லை. வாய் இருக்கிறவனை வைத்துக்கொண்டால் வேலை பாதி, கதை பாதி என்பார். நோட்டில் எழுதி வைத்தவரும் இல்லை. ஆக, எந்த நீலம் எங்கே போகிறது என்று தெரிந்த ஒரே ஆள் அதோ, மடியில் துண்டோடு உட்கார்ந்திருந்தார்.

"அத்தான் கையில ஒரு டெஸ்ட் லேம்பைக் குடுத்துப் பார்க்கலாமே," என்றான் தம்பி. "வாய் மறந்தாலும் கை மறக்காதுன்னு சொல்வாங்க."

டெஸ்ட் லேம்ப் என்பது ஸ்க்ரூடிரைவர் மாதிரி கூர்முனையும், பிடிக்குள் ஒரு குட்டி விளக்கும் உள்ள சாமான். வாலில் ஒரு வயர். வாலைக் காரின் உடம்பில் மாட்டிவிட்டு முனையால் கம்பியைத் தொட்டால், கரண்டு இருந்தால் விளக்கு எரியும். பேட்டரிக்காரர் அதை அவரது இடது கையில் வைத்தார். விரல்கள் மூடிக்கொண்டன. சரியான பிடி. கட்டை விரல் பிடியின் மேல், சுட்டு விரல் நீட்டி. மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். அவர் அதைத் திருப்பிப் பார்த்தார், முனையைப் பார்த்தார். பிறகு மெதுவாக, பேனாவைச் செருகுவதுபோல, சட்டைப் பையில் செருகிக்கொண்டு, அவர்களைப் பார்த்துத் தலையாட்டினார்.

கண் திறந்திருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. அவள்தான் அதைப் பையிலிருந்து எடுத்து, முனையைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள்.

பேட்டரிக்காரர் வேலையை ஆரம்பித்தார். குறை சொல்ல முடியாத வேலைக்காரர்தான். ஃபியூஸைப் பெட்டியிலிருந்து பிடுங்கிப் பார்த்தார், நன்றாக இருந்தது, திரும்பச் செருகினார். பல்பைத் தனியாகப் பேட்டரியில் வைத்துப் பார்த்தார், கண் கூசியது. பல்ப் மாட்டும் சாக்கெட்டை இழுத்து, அதிலிருந்த மூன்று உலோகப் பல்லையும் டெஸ்ட் லேம்பால் தொட்டார்.

"இங்கதான் கோளாறு," என்றார். "நடுப் பல்லு எர்த்தா இருக்கணும். லேம்ப் எரியக்கூடாது. பாருங்க, நல்லா எரியுது. இந்தப் பக்கம் டிம்முக்கு லைவ் வரணும். எரிய மாட்டேங்குது."

"அப்படின்னா?"

"ரெண்டுல ஒண்ணு அண்ணி. ஒண்ணு, எங்கேயோ வயர் தேஞ்சு உரசி லைவ் எர்த்துல ஏறிடுச்சு. அப்படின்னா நடு வயரை வெட்டிட்டு, புதுசா எர்த் குடுத்து, டிம்முக்கு நேரா ஒரு லைவ் இழுத்தா முடிஞ்சுது. பத்து நிமிஷம்."

"இன்னொண்ணு?"

"இன்னொண்ணு, அண்ணன் வேணும்னே தலைகீழாப் போட்டிருக்கார். சில பேர் செய்வாங்க. லைவ் எப்பவும் விளக்குகிட்டயே காத்துட்டு இருக்கும், ஸ்விட்ச் எர்த்தைத்தான் குடுக்கும், எடுக்கும். அப்படின்னா இந்த நடு வயர்ல கை வைக்கவே கூடாது. கோளாறு வேற எங்கயோ இருக்கு."

"எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"டேஷ்போர்டைக் கழட்டி, ஒவ்வொரு நீலமா இழுத்துப் பாக்கணும். நாளை மத்தியானம் ஆயிடும்." மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். "இப்ப நாலு அடிக்கப் போகுது."

மூன்று பேரும் பேசி வைத்ததுபோல முன் சீட்டுப் பக்கம் திரும்பினார்கள்.

"ஒரே நேரத்துல ஒரே கேள்வி," என்றான் தம்பி. "ரெண்டையும் கலந்து கேட்டா விடை கிடைக்காது. முதல்ல இது, அப்புறம் அது."

"வகுப்பு எடுக்காதே," என்றாள் அவள். கதவுப் பக்கம் போய்த் தரையில் குந்தி உட்கார்ந்தாள். அவர் முகத்தை அண்ணாந்து பார்த்து, முழங்கால் மேல் கை வைத்தாள். "என்னங்க. நல்லாக் கேட்டுக்குங்க. நம்ம கார் ஹெட்லைட். அதைப் பத்தித்தான் கேக்கறார்."

பேட்டரிக்காரர் சத்தமாக, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திக் கேட்டார். "அண்ணே. ஹெட்லைட்டுக்கு நீங்க தலைகீழாப் போட்டீங்களா? ஸ்விட்ச்சுல எர்த்தா?"

அவர் தலையாட்டினார். பேட்டரிக்காரரைப் பார்த்துக்கொண்டே ஆட்டினார்.

"ஆமாங்கறாரே," என்றார் பேட்டரிக்காரர்.

"இல்லை. கண்ணு திறந்திருந்துது. அது சும்மா. மத்ததைக் கேளுங்க."

எதிர்வரிசைக் கட்டிடங்களுக்கு நடுவே ஒரு சந்து. வெயில் அதற்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு முதுகில் சூடு உறைத்தது. உறைத்ததே தவிர, அதை அவள் நினைக்கவில்லை.

"அண்ணே. நடு வயரை வெட்டிட்டு, புதுசா எர்த் குடுக்கட்டுமா?"

அவர் கண்ணை மூடினார். தலையாட்டினார். ஒருமுறை இல்லை, மூன்று நாலு முறை. இடது கை எழும்பி வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது, இறுக்கமாக. "பாரு," என்றார். "பாரு. பாரு."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "பாத்தீங்களா. ஆமாங்கறார். வெட்டச் சொல்றார்."

"நிச்சயமாத்தானே அண்ணி? வெட்டினா வெட்டினதுதான்."

"நாலு மாசமா நான் இவர்கூடப் பேசிட்டுத்தான் இருக்கேன். வெட்டுங்க."

அவர் பிடியை அவள் மெல்ல விரல் விரலாக விடுவித்தாள். "இருங்க, வேலை நடக்கட்டும்," என்றாள்.

பேட்டரிக்காரர் வெட்டினார். வயரின் தோலைச் சீவினார், புது எர்த்தை வண்டியின் உடம்பு இரும்பில் முடுக்கினார். தோளில் கிடந்த தடித்த வயரில் ஒரு முழம் அறுத்து, ஒரு முனையைப் பேட்டரியில் கவ்வ வைத்து, மறு முனையை டிம் பல்லில் கொடுத்தார்.

இரண்டு ஹெட்லைட்டும் எரிந்தன.

வெயிலிலும் தெரிந்தது. வண்டிக்கு முன்னாலிருந்த சுவரில் இரண்டு மங்கலான வட்டம். தம்பி கைதட்டினான். மாடியிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். "அண்ணே, பாத்தீங்களா, கத்திரிக்காய் எரியுது," என்றார் பேட்டரிக்காரர். ஒன்பது வருடக் கோபம் அவர் முகத்திலிருந்து ஒரு நொடியில் கழன்று விழுந்ததை அவள் பார்த்தாள். மணி நாலே கால். சோதனை நிலையம் பத்து நிமிட தூரம்.

"உள்ளே ஏறி ஸ்விட்சைப் போடுங்க அண்ணி. பிரைட்டும் மாறுதான்னு பாத்துட்டுக் கிளம்பிருவோம்."

அவள் சுற்றி ஓடி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். ஸ்விட்சைத் திருகினாள்.

டேஷ்போர்டுக்குள் ஏதோ சீறியது. எண்ணெயில் ஈரம் விழுந்தது மாதிரி. வெளியே வட்டம் இரண்டும் அணைந்தன. அவள் திருப்பித் திருகினாள். அது திரும்பவில்லை, கையில் சுட்டது. காற்று வரும் ஓட்டைகளிலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது, பிறகு கறுப்பாக. ரப்பரும் பிளாஸ்டிக்கும் தீய்கிற நாற்றம் தொண்டையைப் பிடித்தது.

"இறங்குங்க, இறங்குங்க. வாத்தியாரே, அண்ணனைத் தூக்குங்க."

அவள் இறங்கவில்லை. பக்கவாட்டில் சாய்ந்து கணவரை முதுகில் தள்ளினாள். தம்பி வெளியிலிருந்து அக்குளில் கை கொடுத்து இழுத்தான். இடது பக்கம் வந்தது. வலது கால் கதவு விளிம்பில் மாட்டிக்கொண்டது. மடங்காத கால், தன் கால் என்றே தெரியாத கால். அவள் சீட்டின் மேல் படுத்தபடி கையை நீட்டி அந்தச் செருப்பைப் பிடித்து நெம்பினாள். செருப்பு கழன்றது, கால் விடுபட்டது. தம்பியும் அவரும் ஒருவர் மேல் ஒருவராகத் தரையில் விழுந்தார்கள். பேட்டரிக்காரர் கை பொசுங்கப் பொசுங்க, பேட்டரியில் மாட்டியிருந்த கவ்வியைப் பிடுங்கி வீசினார்.

சீறல் நின்றது. புகை மட்டும் இன்னும் கொஞ்ச நேரம், அவசரமே இல்லாமல் வந்துகொண்டிருந்தது.

தீப்பிடிக்கவில்லை. யாருக்கும் பெரிய அடி இல்லை. கணவர் முழங்கையில் சிராய்ப்பு, பேட்டரிக்காரர் உள்ளங்கையில் கொப்புளம். வீட்டிலிருந்து ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து கணவரைச் சுவரோரம் உட்கார வைத்தார்கள். தம்பி மூச்சு வாங்கிக்கொண்டே போனை எடுத்துச் சோதனை நிலையத்தைக் கூப்பிட்டான். ஒரு நாள், ஒரே ஒரு நாள் என்று மூன்று விதமாகக் கேட்டான். அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது.

"சீட்டுல இருக்கற தேதிதானாம்," என்றான்.

அவள் தலையசைத்தாள். நாற்காலியில் இருந்தவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் நேரே அவர் முகத்தில் அடித்தது. அவர் கண்ணை மூடியிருந்தார். யாரும் ஒன்றும் கேட்காமலே, தலை லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

அவள் எழுந்து அவர் முன்னால் போய் நின்றாள். அவள் நிழல் அவர் முகத்தில் விழுந்தது. கண் திறந்தது.

ஓரடி விலகினாள். வெயில் விழுந்தது. கண் மூடியது.

திரும்ப வந்து நின்றாள். திறந்தது.

இன்னும் ஒரு முறை விலகினாள்.

"அக்கா, என்ன பண்றீங்க?" என்றான் தம்பி.

"ஒண்ணுமில்லை," என்றாள். அவர் முகத்தை மறைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். சோறு போதுமா என்று கேட்டுவிட்டு எத்தனை நாள் தட்டை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். வலிக்கிறதா என்று கேட்டுவிட்டு எத்தனை நாள் விளக்கை அணைத்திருக்கிறாள். அந்த மாலைகளில் எல்லாம் வெளிச்சம் எங்கிருந்து வந்தது?

பேட்டரிக்காரர் திரும்ப பானெட்டுக்குள் தலையை விட்டிருந்தார். யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் மனம் கேளாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபியூஸ் பெட்டியை முழுக்கக் கழற்றி, பின்பக்கத்தைத் திருப்பி, வெயிலில் காட்டிப் பார்த்தார். விரல் நுனியால் ஒரு பல்லைத் தடவிப் பார்த்தார்.

"என்னங்க?" என்றாள் அவள், இடத்தை விட்டு நகராமல்.

"அண்ணன் தலைகீழாத்தான் போட்டிருக்கார். வயர்ல ஒரு குறையும் இல்லை. இல்லாம இருந்துது." அவர் அவளைப் பார்க்காமல் பேசினார். "நான் டிம்முல குடுத்த லைவ், நீங்க ஸ்விட்ச் போட்டதும் நேரா எர்த்துல போய் விழுந்திருக்கு. நடுவுல ஒரு ஃபியூஸாவது போட்டிருக்கணும். அவசரம்."

"முதல் கோளாறு எங்கதான் இருந்துது?"

"இங்க. ஃபியூஸ் நல்லாத்தான் இருக்கு. அது உக்காருற பல்லு பச்சை பூத்திருக்கு, பின்னால. டெஸ்ட் லேம்புக்குத் துளி கரண்டு போதும், எரிஞ்சு காட்டிடுச்சு. பல்புக்கு நிறைய வேணும். அது இந்தப் பச்சையைத் தாண்டி வராது."

"அதுக்கு என்ன பண்ணியிருக்கணும்?"

"சொரண்டி விடணும்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"அதைக் கேக்காதீங்க அண்ணி."

பேட்டரிக்காரர், "அவர் ஆமாம்னார்னு நீங்க..." என்று தொடங்கி, நிறுத்திக்கொண்டார்.

"சொன்னேன்," என்றாள் அவள். "நான்தான் சொன்னேன்."

"என் மேலயும்தான் தப்பு. ரெண்டு தடவை யோசிச்சிருக்கணும்."

"வயரிங் திரும்பப் போட எத்தனை நாள் ஆகும்?"

"ஒரு வாரம் குடுங்க. ராவும் பகலுமாப் போட்டுத் தரேன். கலர் கலராப் போட்டுத் தரேன். ஆனா பதிவு..."

"ரெண்டு மாசம்," என்றான் தம்பி. சுவரில் சாய்ந்து, விரலை மடக்கிக்கொண்டிருந்தான். "வாரம் மூணு, எட்டு வாரம்னா..."

"கணக்குப் போடாதேடா."

அவன் விரலை விரித்துவிட்டான். "என் ஸ்கூட்டர்ல பின்னால உக்கார வச்சு, நடுவுல ஒரு பெல்ட்டைக் கட்டி..." என்றான். முடிக்கவில்லை. முப்பது கிலோமீட்டர். வாடகை வண்டிக்காரர்களிடம் முன்பே கேட்டாகிவிட்டது. காலையில் போய், இரண்டு மணி நேரம் காத்திருந்து, திரும்ப வர வேண்டும், வாரத்துக்கு மூன்று நாள், ஆளைத் தூக்கி இறக்கவும் வேண்டும் என்றதும், ஒருவர் முதுகுவலி என்றார், ஒருவர் போனையே எடுப்பதில்லை.

"நாளைக்கு ஒரு நாளைக்கு நான் யாரையாவது கெஞ்சி வண்டி ஏற்பாடு பண்ணிடறேன்க்கா."

"சரி," என்றாள். "அதுக்கு அடுத்த நாளைக்கும் கெஞ்சு."

அவள் கடுமையாகச் சொல்லவில்லை. அவனும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அவள் உள்ளே போய் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் கொண்டுவந்து, பேட்டரிக்காரர் உள்ளங்கையை அதில் முக்கி வைக்கச் சொன்னாள். கடையிலிருந்து எடுத்து வைத்திருந்த களிம்பைத் தடவினாள். கணவரின் முழங்கையைத் துடைத்தாள். துடைக்கும்போது எரிகிறதா என்று கேட்க வாய் எடுத்தாள். கேட்கவில்லை.

வெயில் சந்தை விட்டு நகர்ந்து எதிர்க் கட்டிடத்துக்குப் பின்னால் போயிருந்தது. தெரு முழுக்க ஒரே நிறமாக நிழல். ஐந்து மணிக்குச் சற்று முன்னாலோ பின்னாலோ. யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

பேட்டரிக்காரர் கிளம்பப் பையை எடுத்தார். எடுத்தவர் திரும்ப வைத்தார். ஃபியூஸ் பெட்டியைக் கொண்டுவந்து, நாற்காலி முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்து, களிம்பு பூசிய உள்ளங்கையில் அதை ஏந்திக் காட்டினார். சத்தம் போட்டுக் கேட்கவில்லை இப்போது. பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கிறமாதிரிதான் கேட்டார்.

"அண்ணே. இதுதானா? இதைத்தான் பாரு பாருன்னு சொன்னீங்களா?"

அவர் பெட்டியைப் பார்த்தார். பச்சை பூத்த பல்லைப் பார்த்தார். இடது கை விரல் ஒன்று நீண்டு அதைத் தொட்டது, பிறகு பேட்டரிக்காரரின் கொப்புளத்தைத் தொட்டது. கண்ணை மூடித் தலையாட்டினார். கண்ணைத் திறந்து தலையாட்டினார்.

"என்ன சொல்றாருங்க அண்ணி?"

பேட்டரிக்காரர் அவளைப் பார்த்தார். தம்பியும் பார்த்தான். அவள் கணவரின் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். வெயிலும் இல்லை, விளக்கும் இல்லை, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி மங்கலாக இருந்த முகம்.

"எனக்குத் தெரியலைங்க," என்றாள்.

அதற்கும் அவர் தலையாட்டினார்.